தலைமாட்டு நாற்காலி

வலியசாலையில் மனோதத்துவ டாக்டர் பகவதிப்பெருமாளின் அறை. மத்தியான வெயில் பச்சைத் திரையில் வடிந்து, தரையெல்லாம் பாசி பிடித்ததுபோல் கிடக்கிறது. எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம் ஆகியும் தூக்கம் வராத ஆரியசாலைக் கடைக் கணக்கர் தாணுமாலையனை அவர் மனைவி கூட்டி வந்திருக்கிறாள். வெளியே பெஞ்சில் அவள் வளையல் சத்தம். “சும்மா கிடந்துக்கிடுங்க அண்ணாச்சி,” என்று நீள மெத்தையைக் காட்டுகிறார் டாக்டர். தாணுமாலையன் யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றி மடித்து வைக்கிறார். மல்லாந்து படுத்ததும் கைகள் தாமாகத் தலைக்கு மேலே போய், கட்டுவதற்கு வாகாக, மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்கின்றன. எமர்ஜென்சியில் போலீஸ் கேம்பில் உலக்கையை ஏற்றி உருட்டிய தொடைகள் வேட்டிக்குள் விறைத்து நீள்கின்றன. சோம்பல் முறிக்கிறார் என்று டாக்டர் நினைத்துக்கொள்கிறார். படித்த படிப்பில் சொன்னபடி, நோயாளியின் கண்ணில் படாமல் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். மின்விசிறி கிறீச்சிடுகிறது. “மனசுல வர்றதெல்லாம் பறயணும். ஒண்ணும் ஒளிக்கப்பிடாது.” கேம்பிலும் தலைமாட்டிலிருந்துதான் கேட்டார்கள், முதலில் இதே போலத் தன்மையாகத்தான் கேட்டார்கள். தாணுமாலையன் கண்ணை இறுக மூடுகிறார். “அன்னைக்கே எல்லாப் பேரும் பறஞ்சாச்சே சாரே,” என்கிறார். “என் தம்பி பேரும் பறஞ்சாச்சு. இனி ஆரும் பாக்கி இல்ல.”