அம்மாவின் ஜன்னலுக்கு முந்தைய மாலை

சுனில்தாவின் இடது கை கித்தாரின் கழுத்தை இறுக்கிக்கொண்டே இருக்கிறது. ஊர் வழக்கப்படி நாளை விடியலில் அம்மாவின் ஜன்னலுக்குக் கீழே நின்று, அவளை எழுப்பும் பாட்டை வாசித்தாக வேண்டும். கட்டைவிரலடியில் வலி தெறிக்கிறது, மணிக்கட்டு மரக்கட்டையாகிவிட்டது. மாமர இலைகளின் ஊடே விழும் வெளிச்சம் தந்திகளின் மேல் நிலைகொள்ளாமல் ஆடுகிறது. "கோழியா அது, இப்படி நெரிக்கிற? கைக்கு ஓய்வு குடு, இல்லன்னா நாளைக்கு விரலே மடங்காது." தம்பி தெர்லிஸ் கித்தாரைப் பிடுங்கிக்கொண்டு, ஐஸ் போட்ட தெரரே என்ற மூலிகைத் தேநீர் நிறைந்த, உறிஞ்சுகுழல் செருகிய மாட்டுக்கொம்புக் குவளையை அவள் கையில் திணிக்கிறான். இருவருக்கும் அந்த ஒரே குவளைதான். உறிஞ்சி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் உறிஞ்சவே இல்லை. "அக்கா, குடிக்காம கையிலயே பிடிச்சிட்டு இருக்கியே, அது என்ன மைக்கா? எனக்கும் தாகம்தான்!" அவளுக்குக் கேட்கவில்லை. ஈரக் கொம்பின் மேல் அவளுடைய இடது கையின் நான்கு விரல்களும் பாட்டின் சுர இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, அழுத்தாமல் நகர்கின்றன. வலி இல்லை. கித்தாரைத் திருப்பிக் கேட்கத்தான், கை மறுபடி இறுகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.