கெட்டுப்போன உயில்

"உயில் கெட்டுப்போச்சுடா. மாத்தலைன்னா எம் மானம் போயிடும்."

"மாத்துங்க நைனா. யாரு வேணாம்னா?"

"அதுக்கு ஒம் பொண்டாட்டி மனசு வெக்கணும். நீ ஒரு வார்த்தை கேளேன்."

"எனக்கு வெக்கமா இருக்கு. நீங்களே கேட்டுக்குங்க."

பத்து நாளைக்கு முன்னால் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்ட, மாமனாரும் கணவனும் பேசிய இந்தப் பேச்சு செல்வாம்பாளின் காதை விட்டுப் போகவில்லை. அரிசி களையும்போது கேட்டது, தலை வாரும்போது கேட்டது. ஒவ்வொரு தடவையும், ஈ விழுந்த பாலைத் தெரியாமல் குடித்துவிட்டது போல இருந்தது.

கடலூரிலிருந்து ரெட்டியார்பாளையத்துக்கு அவள் வாழ வந்து ஏழு மாதம். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷமாகியும் அந்தப் பாஷை இந்த வீட்டு நாக்கை விட்டு இறங்கவில்லை. வந்த மறுநாளே மாமனார் தெய்வசிகாமணி கொல்லையிலிருந்து, "சவோன் எங்கம்மா?" என்று குரல் கொடுத்தார். சவம் என்று காதில் விழுந்து அவள் அலறிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். மனிதர் கை கழுவ சோப்பு கேட்டாராம்.

அன்று அவள் கணவன் இராமதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இப்போது அதை நினைத்தாலும் கசந்தது.

விஷயம் அவளுக்குப் பளிச்சென்று புரிந்திருந்தது. மஞ்சக்குப்பத்தில் அப்பா அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்த மனை ஒன்று இருக்கிறது. அது இவர்கள் கைக்கு வந்தால் வீடு மகனுக்கு என்று கிழவர் உயிலை மாற்றுவார். வராவிட்டால், கட்டிக்கொடுத்த மகளுக்குப் போய்விடும். கேட்க வெட்கப்படுகிற இராமதாஸ், கொடுத்தால் வாங்கிக்கொள்ள வெட்கப்பட மாட்டான்.

மாமனார் மில்லில் மேஸ்திரி. சாயம் போட்ட துணியைக் காயவைக்கும் மிஷின் அவர் பொறுப்பு. சாயங்காலம் அவர் வாசலில் கால் வைக்கும்போதே ஒரு கருகல் நாற்றம் முன்னால் வந்து நிற்கும். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அந்த விரல்களால் அவர் சோறு பிசைவதைப் பார்க்கும்போதெல்லாம், உழைக்கிற கை என்று முன்பு பொறுத்துக்கொள்வாள். இப்போது அங்கிருந்து எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

இந்தப் பத்து நாளில் நாலைந்து தடவை அவளிடம் வந்து நின்றார். "யம்மா செல்வா..." என்பார். தொண்டையைச் செருமுவார். "ரசத்துல உப்பு தூக்கலோ?" என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை இராமதாஸ் மல்லிகைப் பூ வாங்கி வந்தான். அவள் அதைப் பிரிக்காமலே ஜன்னலில் வைத்தாள்.

"தலையில வெச்சுக்கலையா?"

"நாறுது."

"மல்லிப்பூவா?"

"இந்த வீட்டுல எல்லாந்தான்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அதைப் பார்த்து ஒரு கணம் மனசு இளகியதற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தாள். கிழவர் மட்டும் வாயைத் திறந்து கேட்கட்டும், பதினோரு மணி கடலூர் பஸ். பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப்போவதில்லை.

பலகாரம் முடிந்து கை கழுவியதும் மாமனார் கூடத்துக்கு வந்தார். ஒரு கையில் துண்டால் சுற்றிய ஏதோ ஒன்று, மறு கையில் சில காகிதங்கள். பின்னாலேயே இராமதாஸ், தரையைப் பார்த்தபடி.

பத்திரம்கூடத் தயார் என்று நினைத்தாள் செல்வாம்பாள்.

"யம்மா செல்வா... ரொம்ப நாளா ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"தெரியும் மாமா. உயிலை மாத்தணும், அதானே? தாராளமா மாத்திக்குங்க. எம் மனையைத் தர மாட்டேன், எதுலயும் கையெழுத்தும் போட மாட்டேன். நான் எங்க ஊருக்குப் போறேன்."

"உயிலுக்கு எதுக்கும்மா கையெழுத்து?"

கிழவர் மகனைப் பார்த்தார். மகன் அவளைப் பார்த்தான்.

தெய்வசிகாமணி மெல்லத் துண்டை விலக்கி ஒரு புட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே தார் போலக் கறுப்பு, அடியில் சேறாகத் திரண்ட மண்டி. மூடியைத் திருகியதும் கருகல் நாற்றம் கூடத்தை நிறைத்தது. புட்டியில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தின் பிரெஞ்சு எழுத்துகளை நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"உயில்" என்று வாசித்தார். "பூமியிலேர்ந்து எடுக்கறது இல்ல, ரசாயனத்துல செய்யறது. எம்மாம் சூட்டையும் தாங்கும்னு வாங்கி மிஷினுக்குப் போட்டாங்க. மூணு மாசத்துல இந்தக் கதி. புது எஞ்சினீர் எம் மேல பழியப் போடறாரு. சூட்டுல காத்து பட்டா இது கெட்டிப்பட்டுப் போவுமாம், அதைத் தடுக்க உள்ள ஒரு மருந்து கலக்கணுமாம்."

அந்த மருந்துகளைப் பற்றி அவர் நீட்டிய காகிதங்கள் அத்தனையும் இங்கிலீஷ்.

"நானும் இவனும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். நீ சிதம்பரத்துல ரசாயனம் படிச்ச பொண்ணு."

அவர் குரல் தாழ்ந்தது.

"எந்த மருந்து போட்டா இந்த உயில், அதான் இந்த எண்ணெய், கெடாதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றியாம்மா?"