பனியில் ஒரு சிரிப்பு

பகல் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்குள் சாய்வெயில் விழுகிறது. முன்னாலிருக்கும் டிவியில், பனிச்சறுக்கு விடுதிக்கு உல்லாசமாக வந்த பிள்ளைகளை ஒரு முகமூடிக்காரன் ஒவ்வொருவராகக் குத்திக்கொண்டிருக்கிறான். பனி சோப்பு நுரை போலவும் ரத்தம் ரோஸ்மில்க் போலவும் இருக்கிறது. பாதி பஸ் தூங்குகிறது. மதிவதனி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இருபது வருஷத்துக்கு முன், கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன அறையில், தோழி கங்காவோடு ஒரே மைக் முன்னால் நின்று இந்தப் படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் அவள். படத்தில் கதவுக்குப் பின்னால் இப்போது அலறுவது அவளுடைய பதினெட்டு வயசுக் குரல்தான். அடுத்து, பனியில் ஓடும் பெண் "காப்பாத்துங்க" என்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் அடக்க முடியாத சிரிப்பொன்று எட்டிப்பார்க்கிறது.

"இன்னாக்கா இது, சாவப்போறவ சிரிக்கிறா?" என்கிறாள் பக்கத்து சீட்டு நிலா.

"அது கங்கா, எங்கூட டப்பிங் பேசுனவ. நான்தான் கிள்ளிட்டேன். இன்னொரு வாட்டி பேச டைம் இல்லன்னு அப்படியே வுட்டுட்டாங்க."

"அவங்க இப்ப எங்க கீறாங்க?"

"போன வருஷம் போய்ச் சேந்துட்டா."

சிக்னலில் பஸ் நிற்கிறது. பாட்டு போட டிரைவர் ரிமோட்டை எடுக்கிறார். மதிவதனி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறாள்.

"அண்ணே, கொஞ்சம் பின்னால தள்ளி, அந்தப் பொண்ணு ஓடுறத இன்னொரு வாட்டி போடுங்க."

அவள் முகத்தைப் பார்த்த டிரைவர், ரிமோட்டை அவளிடமே கொடுத்துவிடுகிறார்.