பழைய செய்திக்கு இரண்டு வரி

"எங்கப்பா எடுக்கலன்னும் பேப்பர்ல போடுவீங்களாக்கா?"

கோயில் காவலாளி கோதண்டத்தின் மகள் கேட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, காவல் நிலைய வாசலில். ஒன்பது வயதிருக்கும். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"போடுவோம்" என்றிருந்தாள், செய்தி சேகரிக்க வந்திருந்த இதழியல் மாணவியான அவள்.

அப்போது அவள் ஒரு நாளிதழில் விடுமுறைப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள்.

'வெள்ளி விளக்கு திருடிய காவலாளி கைது.' அவள் பெயரோடு வந்த முதல் செய்தி.

அவளுடைய அம்மா அதை வெட்டி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

இன்று ஊடகச் சட்ட வகுப்பு. இதழியல் மாணவர்கள் தாங்கள் எழுதிய செய்தியைக் கொண்டுவந்து, தவறுகளைத் தாங்களே சிவப்பு மையில் வட்டமிட வேண்டும்.

"அய்யய்யோ, செத்துப்போனவர்கிட்ட பேட்டி எடுத்திருக்கேன்டி!"

பக்கத்தில் இருந்தவள் கத்த, வகுப்பே சிரித்தது.

அவள் தாளின் ஓரத்தில் அம்மாவின் குங்குமக் கறை இருந்தது. நடுவில் ஒரு சொல்லை வட்டமிட்டாள்.

திருடிய.

நீதிமன்றம் சொல்லும் முன்பே அவள் சொல்லிவிட்ட சொல்.

மதியம் யாரோடும் சாப்பிடப் போகவில்லை. நீதிமன்ற இணையதளத்தில் வழக்கைத் தேடினாள். கோதண்டம் விடுதலையாகி எட்டு மாதங்கள். எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அவளுடைய தலைப்பு மட்டும் இணையத்தில் அப்படியே இருந்தது.

மாலையில் நாளிதழ் அலுவலகத்துக்குப் போனாள். இணையப் பிரிவைப் பார்க்கும் சாமுவேல் சார் அவள் நீட்டிய தீர்ப்பைப் படித்தார்.

"ரெண்டு வருசப் பழசும்மா. யாரு பாக்கப் போறா? சரி, திருத்திட்டுப் போ."

டீ குடிக்க இறங்கிப் போனார்.

அறையில் வேறு யாரும் இல்லை.

தலைப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'திருட்டுப் புகாரில்' என்று மாற்றினாள். செய்தியின் கீழே இரண்டு வரி சேர்த்தாள்.

'கோதண்டம் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர் திருடியதாக நான் எழுதியது தவறு.'

வெளியிடும் முன், விளக்கேற்றும்போது அம்மா செய்வதுபோல, ஒரு கணம் கண்ணை மூடினாள்.

பிறகு, அந்தச் சிறுமியின் பள்ளிக்கூடத்தில் யாரேனும் தேடிப் பார்ப்பதுபோல, அவர் பெயரைத் தட்டித் தேடினாள்.

திருத்திய செய்தி வந்தது.

"போட்டாச்சு கண்ணு" என்றாள், காலி நாற்காலிகளிடம்.

சிறுமியின் அம்மா அன்று எழுதித் தந்த எண் குறிப்பேட்டில் இருந்தது.

அழைக்கவில்லை.

நன்றி சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.