எதை மேம்படுத்தலாம்

தலையில் வந்த கட்டிக்காக வடிவுக்கு முப்பது நாள் கதிர்வீச்சு. கணவன் பால்வண்ணத்தைச் சிகிச்சை அறையின் கனமான கதவு வரைக்கும்தான் விடுவார்கள். வீட்டில் நாலு வார்த்தை பேசாதவள், டெக்னீஷியன் ஜெபசிங்கோடு சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். பால்வண்ணத்துக்கு வயிறு எரியும். பார்க்காததுபோல் செருப்பைத் தேடுவான்.

கடைசி நாள், நோயாளியின் அனுபவத்தைக் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். அவளுக்கு வலக்கை மரத்திருந்ததால் அவனே வாசித்து எழுதினான்.

"பயம் வந்தப்போ யார்ட்ட சொன்னேன்னு கேட்டிருக்கு."

"ஜெபசிங்ட்ட. தல அசையாம இருக்க முகமூடி மாட்டும்போதெல்லாம் அழுவேன். அந்தப் பிள்ள கையப் பிடிச்சுக்கிடும்."

"என்ட்ட ஏன் சொல்லல?"

"நீங்க என்னையவிட பயந்துல்லா நின்னிய."

ஜெபசிங்கின் பெயரைக் கோணலாக எழுதினான். அடுத்த கேள்வி, எதை மேம்படுத்தலாம் என்பது. கதிர் பாயும் அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும், 'கணவரையும் உள்ளே விடலாம்' என்று எழுதினான்.

வடிவு எட்டிப் படித்தாள். "நீங்க உள்ள வந்திருந்தா நான் அழுதிருக்க மாட்டேன்" என்றாள்.

ஆறுதலாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா, எழுதியதை அடிப்பதா விடுவதா என்று தெரியாமல், அவன் பேனாவைப் பிடித்தபடி இருந்தான்.