கையில் ஒட்டாத சுவர்

முதலில் வம்புக்கு வந்தது என் அக்கா வீட்டுக்காரர்தான். நான் இல்லை.

கார் ஷெட்டுக்கு நானே சுண்ணாம்பு அடித்து, சொந்தக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டிய அன்று, மாமா சுவரை ஒரு தடவு தடவினார். உள்ளங்கை வெள்ளை வெளேரென்று ஆனது.

"பிரமாதம் மாப்ளே" என்று என் முதுகில் தட்டினார்.

சாயங்காலம் வரை எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சட்டையைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. கருநீலத் துணியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

அதோடு பேச்சு நின்றது. அக்கா இறந்துபோன பிறகு போக்குவரத்தும் நின்றது.

போன மழைக்காலத்தில் அவர் மகள் போன் செய்தாள்.

"அப்பாவை ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பறாங்க மாமா. நுரையீரல் பாதிதான் வேலை செய்யுதாம். எனக்கு மூணு மாசம் வெளியூர் வேலை. தனியா விட பயமா இருக்கு." டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள்.

"கார் ஷெட் காலியாத்தான் இருக்கு. வரச்சொல்லு" என்றேன்.

"சரி மாமா" என்றாள்.

என் மனைவி பிடித்துக்கொண்டாள். "மாடியில நம்ம வீட்டுல ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. நோயாளி மனுஷனைக் கார் நிறுத்துற எடத்துலயா போடுவீங்க?"

"அந்தக் கைக்கு அது போதும்."

"ஒரு சட்டைக்காகவா இவ்வளவு?"

"சட்டைக்காக இல்லை. சாயங்காலம் வரைக்கும் சிரிச்சாங்களே, அதுக்கு."

மறுநாளே சுவரில் கை வைத்தேன். பெயின்ட் கடைக்காரர், "சுண்ணாம்பு மேலேயே ப்ரைமர் அடிச்சு விடுங்க பெரியவரே. யாரு பார்க்கப் போறா?" என்றார்.

"ஒருத்தர் தடவிப் பார்ப்பார்."

நனைத்து நனைத்துச் சுரண்டினேன். காய்ந்த சுவரைச் சுரண்டினால் பொடி பறந்து மூலைமுடுக்கெல்லாம் உட்கார்ந்துகொள்ளும். மேல் பூச்சு கூழாக வழிந்தது. அடியில் இன்னொரு பூச்சு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சால் கழுவி, காயவிட்டு, உள்ளங்கையால் தடவுவேன். வெள்ளை. மறுபடியும் சுரண்டல். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது.

"ஆள் வச்சுச் செய்யக்கூடாதா?" என்றாள் மனைவி.

"ஆள் செஞ்சா அவர் ஆளைத்தானே பாராட்டுவார்?"

"அவர் பாராட்டவா வர்றார்? மூச்சு விட வர்றார்."

பெயின்ட் காய்ந்த பிறகும் வாசனை போகட்டும் என்று ஷட்டரைத் திறந்தே வைத்திருந்தேன்.

மாமாவை மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். ஆள் பாதியாகியிருந்தார். நான் அதே கருநீலச் சட்டையில் நின்றேன். பட்டன் போடத்தான் பெரும்பாடு.

"நல்லவேளை மாமா, கீழேயே எடம் குடுத்தீங்க. படியே ஏறக்கூடாது, தூசியே ஆகாதுன்னு டாக்டர் கண்டிச்சு சொன்னார்" என்றாள் மகள்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. என் கண் மாமாவின் கையில் இருந்தது.

சுவரை நீளத் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு இடத்தில் தடவினார். மூச்சு வாங்க நின்றுவிட்டு, வந்து என் முதுகில் தட்டினார்.

"முதுகுல ஒண்ணும் இல்லைங்க" என்றாள் மனைவி.

மாமா கட்டிலில் உட்கார்ந்து மேலும் கீழும் பார்த்தார். "ஜன்னல் சின்னதா இருக்கு மாப்ளே" என்றார்.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அந்த இன்னொரு கட்டில் யாருக்கு மாமா?" என்று கேட்டாள் மகள்.

"எனக்குத்தான். சுவர் நல்லாயிருக்குன்னு உங்கப்பா வாயால வரணும். அதுவரைக்கும் இங்கேருந்து நகர்றதா இல்லை."

மூன்று மாதம் கழித்து, அப்பாவைக் கூட்டிப்போகக் காரோடு வந்து நின்றாள். "தேறிட்டீங்கப்பா. கிளம்பலாமா?"

"எப்படிக் கிளம்புவார்? இன்னும் சொல்லலையே" என்றேன்.

மாமா படுத்தபடியே சுவரை ஒரு தடவு தடவினார். உள்ளங்கையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"கதவும் சின்னதுதான் மாப்ளே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.