கண்ணுக்கான சத்து

"அங்கன்வாடிக்குன்னு சோதனைக்கு வந்த காய வெச்ச கேரட்டுல உங்களுதுலதான் கண்ணுக்கான சத்து ஜாஸ்தி நிக்குது. எப்படிம்மா?" சிதம்பரம் பரிசோதனைக்கூடத்திலிருந்து கயல்விழி போனில் கேட்டாள்.

"ஆவியில வாட்டி, நெழல்ல காய வெச்சேன் மேடம். வெயில்ல போட்டா சத்து போயிடும்னு ரேடியோவுல சொன்னாங்க" என்றாள் பிச்சாவரம் ஜோதிலட்சுமி.

"அங்கன்வாடிக்கு இனிமே நீங்கதான் தரப்போறீங்க. நாளைக்கு வந்து கையெழுத்து போடுங்க."

மறுநாள் கயல்விழி படிவத்தை நீட்டினாள். ஜோதிலட்சுமி மேசையைத் தடவினாள்.

"எந்த எடம் மேடம்? வெரலைப் புடிச்சு வையுங்க."

கயல்விழி அப்போதுதான் அவள் கண்களைக் கவனித்தாள்.

"சின்ன வயசுல அந்தச் சத்து இல்லாமத்தான் எனக்குப் பார்வை போச்சு. எங்க ஊரு புள்ளைங்களுக்கு அப்படி ஆவக்கூடாது மேடம்."

கயல்விழி எழுந்து நின்று, அந்த விரலை இரு கைகளாலும் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தாள்.